குடும்பத்தோடு கருமருந்துத் துப்பாக்கி சுட்டுப் பழக, அமெரிக்காவில் குறைந்த விலைக்கு மஸில்லோடர் எங்கே கிடைக்கும்?

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். நான், என் மனைவி, 14 வயது மகள் மூவரும் சுடுகிறோம். நீங்களோ குடும்பத்தில் ஆளுக்கொன்றாக மலிவான மஸில்லோடர், அதாவது குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் நிரப்பும் துப்பாக்கி, தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று போதும். மருந்தை அளந்து கொட்டி, எண்ணெய்த் துணியில் ஈயக் குண்டை வைத்துக் கோலால் இறக்கி, கேப் (சுத்தி தட்டினால் பொறி தரும் சின்ன உலோக மூடி) மாட்டவே இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். அதனால் முறை வைத்துத்தான் சுடுவீர்கள். மிச்சமாகும் பணத்தில் எல்லோருக்கும் நல்ல காதுக்கவசமும் கண்ணாடியும் வாங்குங்கள்.

முதல் துப்பாக்கி .50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்), கேப் வகையாக இருக்கட்டும். சக்கிமுக்கிக் கல் வகை அழகுதான். ஆனால் அதற்கு அசல் கருமருந்தே வேண்டும், அதற்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ் சரியாகப் பற்றாது. கல் தட்டியதற்கும் வெடிப்பதற்கும் நடுவில் உள்ள அந்த நொடியில் புதியவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

புதிது வேண்டாம், பழையதைத் தேடுங்கள். தாம்ப்சன் சென்டர் நிறுவனத்தின் ஹாக்கன் என்ற கேப் துப்பாக்கி 1970இலிருந்து ஏராளமாக விற்றது. மான் வேட்டைக்கு வாங்கியவர்கள் பலர் பிறகு இன்லைன் என்ற நவீன மஸில்லோடர் வகைக்கு மாறிவிட்டதால், அவை அலமாரியில் தூங்குகின்றன. அடகுக் கடை, வீட்டுச் சாமான் ஏலம், உள்ளூர்ச் சங்கம் மூன்றிலும் கேளுங்கள். இந்தியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் ஊரில், 1933இல் தொடங்கிய தேசிய மஸில்லோடர் சங்கத்தின் போட்டிகள் நடக்கும்போது போனால், பழைய துப்பாக்கிகளைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். ஹாக்கன் குழந்தைகளுக்குக் கனம். சின்னப் பிள்ளை என்றால் ட்ரெடிஷன்ஸ் டீர்ஹன்டர் போல எடை குறைந்ததாகப் பாருங்கள்.

கையில் எடுத்ததும் முதல் வேலை, கோலைக் குழலுக்குள் விட்டுப் பார்ப்பது. அடிவரை போகாமல் நின்றால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம். அப்புறம் ஈரத் துணியை விட்டு இழுங்கள். நான் முதலில் வாங்கியதில் இதைச் செய்யவில்லை. வெளியே பளபளப்பு, உள்ளே துருவின் குழிகள். சுட்டபோது குண்டைச் சுற்றிய துணி கந்தலாகி விழுந்தது, 25 கெஜத்தில்கூடக் குறி நிற்கவில்லை. கேப் மாட்டும் முனையான நிப்பிள் கெட்டால் மாற்றலாம், மரம் கீறினால் தேய்க்கலாம். குழல் கெட்டால் போனதுதான்.

என் மகளுக்கு 50 கிரெயின் (சுமார் 3.2 கிராம்) எஃப்எஃப்ஜி என்ற பருமனுள்ள கருமருந்து, .490 அங்குல உருண்டைக் குண்டு. உதைக்காது, தோளைத் தள்ளும், அவ்வளவுதான். மருந்தை டப்பாவிலிருந்து நேராகக் குழலில் கொட்டவே கூடாது. உள்ளே கனல் மிச்சமிருந்தால் டப்பாவே வெடிக்கும். தனி அளவையில் எடுத்துத்தான் கொட்ட வேண்டும். இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள், குழல் பிளந்துவிடும்.

மத்தியச் சட்டத்தில் இந்த வகை பெரும்பாலும் சாதாரணத் துப்பாக்கிக் கணக்கில் வராது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநிலச் சட்டத்தை முதலில் பாருங்கள்.

வாங்கிய நாளிலிருந்தே கழுவும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் துருவேற்றிவிடும். ஹாக்கனில் குழலை மரத்தோடு பிடித்திருக்கும் ஆப்பை உருவினால் குழல் தனியாக வந்துவிடும். அடிப்பக்கத்தைச் சோப்பு போட்ட வெந்நீர் வாளியில் நிறுத்தி, கோலில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் குழலுக்குள் ஏறி இறங்கும். முதல் வாளி மையாகக் கறுக்கும், தீபாவளி மறுநாள் தெருவின் கந்தக வாசம் வீடு முழுக்க வரும். மூன்றாவது வாளி தெளியும்வரை என் மகள் விடுவதில்லை.