காவிரி டெல்டாவில் வீட்டுக் கொல்லையில் ஜினியா வளர்த்து ஜாடிக்குப் பூ வெட்ட முடியுமா?

கேள்வியில் நீங்கள் மூன்று குறை எழுதியிருக்கிறீர்கள். செடி முக்கால் அடிக்கு மேல் எழும்பவில்லை. வெட்டி ஜாடியில் வைத்த பூ மறுநாளே தலை சாய்கிறது. வீட்டில் உள்ளவர்களோ, "இது ஊட்டிப் பக்கத்துப் பூ, நம்ம களிமண்ணுக்கு வராது, அந்த இடத்தில் மல்லிக்கொடி வைத்தால் தலையிலாவது வைக்கலாம்" என்கிறார்கள். முதல் இரண்டுக்கும் வழி இருக்கிறது. மூன்றாவதைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதே பேச்சை நானும் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊட்டிப் பூ என்பதே தப்பு. ஜினியாவின் சொந்த ஊர் மெக்சிகோ. வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும், குளிர்தான் ஆகாது. வெளிநாட்டுப் பூ எதற்கு என்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாம் மாலை கட்டுகிற செண்டுப்பூ அதே மெக்சிகோவிலிருந்து வந்தது. ரசத்தில் கிள்ளிப் போடும் மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். நெல் விளைகிற பூமியில் பூவா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்வது கொல்லையில் ஒன்றரை சென்ட் இடம். எங்கள் வயலில் குறுவையும் சம்பாவும் வழக்கம்போல நடக்கிறது. நான் விவசாயப் படிப்பு படித்தவளும் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. கொல்லையில் பதினொரு தென்னை நின்றன. எல்லாம் மாமனார் கையால் வைத்தவை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. டெல்டாக்காரர்களுக்கு அந்த ராத்திரியை நான் விளக்க வேண்டியதில்லை. விடிந்ததும் கொல்லைக் கதவைத் தள்ளினால் பாதிதான் திறந்தது. மட்டையும் மரமுமாக வழியை அடைத்துக் கிடந்தன. எட்டு மரம் போய்விட்டது. கல்யாணமாகி வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்த மண்ணில் நேராக வெயில் விழுந்து நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் தோப்பு மரங்களை எண்ணினார்கள். எங்கள் கொல்லையை எட்டிப் பார்த்து, "இது வீட்டு மரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வருஷம் முழுக்க எங்கள் சமையலுக்குக் காய் கொடுத்து, மிஞ்சியதை விற்றுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்த மரங்கள் அவை. மாமா மனு எழுதிக்கொண்டு மூன்று தடவை நடந்தார். மூன்றாவது தடவை, விழுந்த மரத்துக்குப் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்களாம். அறுத்து அப்புறப்படுத்தி ஒரு மாதம் ஆன பிறகு போட்டோவுக்கு எங்கே போவது? கூரை ஓடு பறந்து, கரண்ட் இல்லாமல், செல்போன் அணைந்து கிடந்த வீட்டில் யாருக்குப் போட்டோ ஞாபகம் வரும்? எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்கப்புறம் மாமா இரண்டு மாதம் கொல்லைப் பக்கமே போகவில்லை. சரி, ஜினியாவுக்கு வருகிறேன்.

அந்தத் தை மாதத்தில் புதுத் தென்னம்பிள்ளை வைத்தோம், இருபத்தைந்து அடிக்கு ஒன்று. நடுவில் வெயில் சும்மா காய்ந்துகொண்டிருந்தது. ஓசூரில் இருக்கும் என் தங்கை ஒரு பாக்கெட் ஜினியா விதை கொடுத்தனுப்பினாள். தூவி நாலாம் நாள் முளைத்துவிட்டது. ஆனால் உங்களுடையது மாதிரியே முக்கால் அடியில் நின்று பூத்தது. என்னென்னவோ உரம் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது தொட்டியில் அழகுக்கு வைக்கிற குட்டை ரகம். நர்சரியில் சின்னப் பையில் பூவோடு விற்பதும் பெரும்பாலும் இந்த இனம்தான். டிரீம்லேண்ட் போன்ற ரகங்கள் ஓர் அடிக்கு மேல் போகாது, வளர்த்தியே அவ்வளவுதான். வெட்டி ஜாடியில் வைக்க, அதாவது கொய்மலருக்கு, உயர ரகம் வாங்க வேண்டும். பெனாரிஸ் ஜெயன்ட் என்று கேட்டு வாங்குங்கள், இடுப்பு உயரம் வரும். கொஞ்சம் சின்னப் பூ, நிறையப் பூ வேண்டுமென்றால் ஓக்லஹோமா. எலுமிச்சைப் பச்சை நிறம் பிடிக்குமானால் குயின் லைம். பாக்கெட்டில் உயரம் எழுதவில்லை என்றால் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் முதல் குறைக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உயர ரகம் வாங்கி அடுத்து நான் செய்தது பெரிய முட்டாள்தனம். ஆவணிக் கடைசியில் விதைத்தேன். முழங்கால் உயரம் வந்து மொட்டு வைக்கும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் மூன்று நாள் கணுக்கால் தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. செடியைப் பிடித்து இழுத்தால் வேர் அழுகி கையோடு வந்தது.

மழை விட்ட ஒரு நாள் மாமா பின்னால் வந்து நின்றார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார். கோலிக்குண்டு மாதிரி உருண்டது. "ஏம்மா, இப்படி உருளுற பதத்துல கொத்தினா காஞ்சதும் கல்லாயிடாதா? வேர் எங்க போவும்?" என்றார். "மாமா, எனக்குத் தெரியாது, ஈரமா இருந்தா கொத்த லேசா இருக்கும்னு நெனச்சேன்" என்றேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். தை பிறந்து மண் காய்ந்து, பிடித்தால் பொலபொலவென்று உதிரும் பதம் வந்த அன்று காலையில் மண்வெட்டியோடு அவரே கொல்லைக்குள் இறங்கினார். புயலுக்குப் பிறகு அவர் அங்கே வேலை செய்தது அன்றுதான் முதல் தடவை. மூன்று அடி அகலம், ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி. இரண்டு பாத்திக்கு நடுவில் வாய்க்கால், அது நேராகத் தெரு வடிகாலுக்கு. ரைஸ்மில்லில் இரண்டு மூட்டை கருக்கிய உமி வாங்கிவரச் சொன்னார். நன்றாக மக்கிய மாட்டுச்சாணத்தோடு அதைப் பாத்தியில் கலந்தார். களிமண் இளகியது. உங்கள் வீட்டில் மண் சரியில்லை என்றால் இதைச் செய்யுங்கள். மண்ணை மாற்ற வேண்டாம், மேட்டைப் போட்டு வடிகால் விட்டால் போதும்.

தண்ணீர் மிஞ்சினால் ஜினியா எங்கேயும் பிழைக்காது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வளர்த்த ஜினியாவுக்கே ஈரம் அதிகமாகிப் பூசணம் பிடித்திருக்கிறது. அந்தப் பகுதிகளை வெட்டிவிட்டு, காற்றாடியை வேகமாக வைத்து, ஸ்காட் கெல்லி என்ற விண்வெளி வீரர் கவனித்துக் காப்பாற்றினார். 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் பூத்தது. இதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அங்கயுமா தண்ணி நின்னுது?" என்று கேட்டார்.

விதைக்கும் பட்டத்தைப் பொறுத்தவரை என் அனுபவத்தில் டெல்டாவுக்கு இரண்டுதான். தையில் விதைத்தால் பங்குனியிலும் சித்திரையிலும் பூ. ஆடி பிறந்ததும் விதைத்தால் புரட்டாசியில் பூ, பெருமழைக்கு முன் பெரும்பாலானதை வெட்டிவிடலாம். விதைத்து அறுபது எழுபது நாளில் பூ வந்துவிடும். எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல் இருபது நாள் இடைவெளியில் இரண்டு தடவையாகப் போட்டால் பூ தொடர்ந்து வரும். நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டாம், நேரடியாகப் பாத்தியில் விதைப்பதுதான் நல்லது. செடிக்குச் செடி ஒரு சாணுக்குக் குறையக் கூடாது, ஓர் அடி இருந்தால் இன்னும் நல்லது. நெருக்கி வைத்தால் காற்று புகாமல் பனிக்காலத்தில் இலையில் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் வரும். தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் காலையில் வேரில் ஊற்றுங்கள். புளித்த மோர் கரைத்துத் தெளித்தும் பார்த்தேன். நோய் கொஞ்சம் தள்ளிப் போனதே தவிர நிற்கவில்லை. அடி இலைகளைக் கிள்ளிக் காற்று விட்டதுதான் எனக்குக் கைகொடுத்தது.

அடுத்தது மனசு கேட்காத வேலை. செடி ஓர் அடி வந்ததும், மூன்று நான்கு ஜோடி இலையை விட்டு, நுனியை வெட்டிவிட வேண்டும். ஜினியாவில் இலை எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். நுனி போனதும் அந்த ஜோடிகளின் கக்கத்திலிருந்து கிளை கிளம்பும், ஒவ்வொன்றும் நீளத் தண்டு. செவந்திக்கு நுனி கிள்ளுகிறோம், முல்லைக்குக் கவாத்து செய்கிறோம், இதுவும் அப்படித்தான். மொட்டு தெரிந்த பிறகு கிள்ள எனக்குக் கை வரவில்லை, ஒரு வரிசையை அப்படியே விட்டேன். அந்த வரிசையில் உச்சியில் ஒரு பூ பெரிதாக வந்தது. கிள்ளிய வரிசையில் அதைப்போலப் பல மடங்கு வெட்டினேன்.

இனி தலை சாய்கிற விஷயம். 2021-இல் நாத்தனார் மகளுக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. மேடைக்கு நம் கொல்லைப் பூதான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். முதல் நாள் சாயங்காலம் வெயில் தாழும் முன்பே எண்பது பூ வெட்டினேன். புதிதாக விரிந்தது அதிக நாள் நிற்கும் என்று நினைத்து, அப்போதுதான் விரிந்ததாகப் பார்த்துப் பார்த்து வெட்டினேன். காலையில் அத்தனையும் கழுத்தை ஒடித்துத் தொங்கின. வந்தவர்கள் முன்னால் என் ஓரகத்தி, "வாசனையும் இல்ல, நிமிர்ந்தும் நிக்கல, இதுக்கா இவ்வளவு பாடு" என்றார். நான் கொல்லைக்குப் போய் அழுதேன். இதைப் படித்து, ஒரு பூவுக்காக அழுவதா என்று சிலர் நினைக்கலாம். ஒரு வருஷம் காத்து வளர்த்தவருக்குத் தெரியும்.

செய்த தப்பு இரண்டு. ரோஜா வெட்டிய பிறகும் விரியும், ஜினியா விரியாது, கழுத்தும் முற்றாது. செடியிலேயே முழுதாக விரிந்து தண்டு முற்ற வேண்டும். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். பூ தலையாட்டினால் விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று நாள் போகட்டும். தண்டு குச்சி மாதிரி விறைப்பாக நின்றால் வெட்டலாம். இரண்டாவது, வெயிலில் காய்ந்த செடியில் வெட்டக் கூடாது. சூரியன் ஏறுவதற்கு முன், வாளியில் தண்ணீரோடு போய், வெட்ட வெட்ட உள்ளே வையுங்கள்.

வெட்டும்போது நீளமாக, கிளையின் அடியில் ஓர் இலை ஜோடிக்கு மேலே வெட்டுங்கள். பூ வீணாகிறதே என்று குட்டையாக வெட்டினால் அடுத்த தண்டும் குட்டையாகத்தான் வரும். வாடிய பூவைச் செடியில் விட்டால் அது விதை பிடிக்கப் போய்விடும், புதுப் பூ குறையும். தண்ணீரில் முங்கும் இலைகளை உருவிவிடுங்கள். ஜினியாத் தண்டு தண்ணீரைச் சீக்கிரம் கலக்கிவிடும், தினமும் மாற்ற வேண்டும். ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று துளி பிளீச் திரவம் விட்டால் நாற்றம் வராது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரம் ஆகாது, நான் பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு வைக்கிறேன். பிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள், மல்லிக்குச் சரி, இதற்குக் கருகிப்போகும். இப்படிச் செய்தால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் நிற்கிறது.

மறுவருஷம் அந்த வளைகாப்புக்குப் பிறகு பிறந்த குழந்தைக்குக் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆட்டிப் பார்த்து வெட்டினேன். நான்கு சொம்பு நிறைய சிவப்பும் ஆரஞ்சும் கத்தரிப்பூ நிறமும். ஓரகத்தி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இரண்டு கட்டுப் பூவை ஈரப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

வாசனை இல்லை என்பது உண்மைதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. மல்லி வேண்டுமானால் மல்லி வையுங்கள், எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் ஜாடியில் நிற்கும் இந்தப் பூவைப் படுத்துக்கொண்டே பார்க்கலாம். போன வருஷம் மாமாவுக்கு இடுப்பு எலும்பு விலகி இரண்டு மாதம் கட்டிலில் இருந்தார். காலையில் சொம்பை வைக்கப் போனால், "நேத்து வச்சதே நல்லாத்தானே இருக்கு, அதை ஏன் எடுக்கிறே" என்பார்.

இப்போது தென்னம்பிள்ளைகள் வளர்ந்து நிழல் கட்டத் தொடங்கிவிட்டன. ஆறு மணி நேரமாவது வெயில் இல்லாத இடத்தில் ஜினியா இளைத்துவிடும். கிழக்குப் பாத்திகள் இரண்டையும் விட்டுவிட்டேன். தெற்கு மூலையில் காண்டாமிருக வண்டு குடைந்து இரண்டு பிள்ளை பட்டுப்போயின. மாற்றுப் பிள்ளை வாங்கப் பணம் எடுத்துக் கொடுத்தேன். மாமா வாங்கவில்லை. அந்தக் குழி இரண்டையும் மூடி, மண்ணைக் கொத்தி, மேடு போட்டு வைத்திருக்கிறார். ஆடி பிறந்ததும் அங்கேதான் விதைக்கப் போகிறேன். நீங்களும் உயர ரகம் வாங்கி அதே வாரத்தில் விதையுங்கள். நாலாம் நாள் முளைத்ததா என்று இங்கேயே கீழே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.