மருத்துவர் பதில்: குளிசை போட்டும் கால் சிவப்பு குறையவில்லையே?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. போன வாரம் மழை வெள்ளத்துக்குள் நடந்து வந்தார், இரண்டு நாளில் வலது கால் முழங்காலுக்குக் கீழே சிவந்து வீங்கிவிட்டது. செலுலைட்டிஸ், தோலுக்கு அடியில் கிருமித் தொற்று என்று சொல்லி டாக்டர் குளோக்சசிலின் குளிசை தந்தார். ஒன்றரை நாளாகிறது, சிவப்பு கூடின மாதிரி இருக்கிறது. மருந்தை மாற்ற வேண்டுமா? மஞ்சள் பூசலாமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மஞ்சள் வேண்டாம். கிருமி தோலுக்கு அடியில் கொழுப்புப் படை வரைக்கும் இறங்கியிருக்கிறது, மேலே பூசுவது அங்கே போய்ச் சேராது. போதாததற்கு மஞ்சள் ஏறிய காலில் சிவப்பு எங்கே முடிகிறது என்று பார்க்கிற டாக்டருக்கும் பிடிபடாது.

மருந்தை மாற்ற ஒன்றரை நாள் போதாது. முதல் 48 மணி நேரத்தில் சிவப்பு கொஞ்சம் கூடுவது உண்டு, வலியும் காய்ச்சலும்தான் முதலில் இறங்கும், நிறம் மெதுவாகத்தான் போகும். ஒரு பேனையை எடுத்து சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுங்கள். நம்முடைய தோலில் அது சிவப்பாகவே தெரியாமல் கருஞ்சிவப்பாய், சிலருக்குச் சுற்றியுள்ள தோலை விடக் கொஞ்சம் கருமையாய் மட்டும் இருக்கும், அப்போது புறங்கையை வைத்துச் சூடு எதுவரை என்று பாருங்கள்.

சரி, குளிசையை எப்படிப் போடுகிறார்? குளோக்சசிலின் ஆறு மணிக்கு ஒரு தடவை, நாளைக்கு நான்கு வேளை, வெறும் வயிற்றில். நம் ஆட்கள் எல்லா மருந்தையும் மூன்று சாப்பாட்டோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள், பாதி பேருக்கு மருந்து ‘வேலை செய்யாத’ கதை அங்கேதான் ஆரம்பிக்கும். குளோக்சசிலினும் பென்சிலின் வகைதான், பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். படுத்து, இரண்டு தலையணை வைத்துக் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்த வேண்டும், கதிரையில் இருந்துகொண்டு ஸ்டூலில் நீட்டுவது கணக்கில் வராது. வலிக்கு பனடோல் மட்டும். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கம் போகாதீர்கள். வெள்ளத்தில் நடந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலும் அந்த வழியாக வரும்.

48 மணி நேரம் கழித்தும் கோட்டைத் தாண்டிப் போனால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி மருந்து தேவைப்படலாம். குளிர் நடுக்கம், தடுமாறின பேச்சு, கொப்புளம், தோல் கறுத்துப்போவது, பார்வைக்குக் கொஞ்சமாக இருந்தும் தாங்க முடியாத வலி, இதில் ஒன்று வந்தாலும் 48 மணி நேரக் கணக்கெல்லாம் பார்க்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். சீனி இருப்பவருக்கு நிலைமை சட்டென்று மாறும்.

அப்புறம், கால்விரல்களை விரித்துப் பாருங்கள். மூன்றாவது தடவையாக இதே காலோடு வந்த ஒரு ஐயாவுக்கு, சின்ன விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாய் ஊறி வெடித்திருந்தது. சேற்றுப்புண்! கிருமி நுழைந்த வாசல் அதுதான், அதை ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அம்மாவுக்கும் இருந்தால், டாக்டரிடம் காட்டிவிட்டு குளோட்ரிமசோல் கிறீம் பூசுங்கள், குளித்தபின் விரலிடுக்கை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.