நெரிசல் நேரத்தில் மட்டும் இணைப்பு விழுகிறது, லாகில் ஒன்றுமே இல்லை. எங்கே தேடுவது?

நீங்கள் சொல்வது இது: என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் ஓடும் லினக்ஸ் சர்வர், கூட்டம் ஏறும்போது சிலருக்கு மட்டும் இணைப்பு கிடைப்பதில்லை, சிபியுவும் மெமரியும் பாதிகூட நிறையவில்லை, எரர் லாக் காலி.

லாக் காலியாக இருப்பதுதான் துப்பு. தன் கைக்கே வராத இணைப்பை என்ஜின்எக்ஸ் எப்படி எழுதும்? அதற்கு முன்பே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் விழுந்திருக்க வேண்டும். சிலருக்குப் பக்கம் கிடைத்தாலும் கணக்காக 1 நொடி, 3 நொடி தாமதமாக வருகிறதா என்றும் பாருங்கள். இணைப்பைத் தொடங்கக் கேட்கும் சின் பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால், 6.5-க்கு முந்தைய கெர்னல் ஓடும் லினக்ஸ், ஆண்ட்ராய்டு போன்றவை 1 நொடி கழித்து மறுபடி அனுப்பும், பிறகு இன்னும் 2 நொடி பொறுக்கும்.

நெரிசல் நேரத்திலேயே, இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை (ss -lnt) எல், என், டி ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள். லிசன் வரிகளில் ரிசீவ் க்யூ என்பது இப்போது காத்திருக்கும் இணைப்புகள், சென்ட் க்யூ என்பது உச்சவரம்பு. 129, 128 என்று பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஆள் சிக்கிவிட்டான். என்ஸ்டாட் கட்டளை காட்டும் லிசன் ஓவர்ஃப்ளோஸ் எண்ணும், அதாவது க்யூ நிரம்பியதால் விழுந்தவற்றின் கணக்கும், கூடவே ஏறும்.

128 எங்கிருந்து வந்தது? இந்த க்யூவின் உச்சவரம்பை வைக்கும் சோமாக்ஸ்கான் என்ற கெர்னல் அமைப்பின் பழைய இயல்பு மதிப்பு அது, 5.4 கெர்னலில்தான் 4096 ஆக்கினார்கள். என்ஜின்எக்ஸ் 511 இடம் கேட்கும், கெர்னல் சத்தமில்லாமல் அதை சோமாக்ஸ்கான் அளவுக்கு வெட்டிவிடும். சோமாக்ஸ்கானை உயர்த்தினால் மட்டும் போதாது, என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டும். 511-க்கு மேல் வேண்டுமென்றால் என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பின் லிசன் வரியில் பேக்லாக் (க்யூவின் நீளம்) மதிப்பையும் எழுதுங்கள்.

ஆனால் எண்ணை ஏற்றியதோடு விட்டுவிடாதீர்கள். பந்தியில் இலை காலியாகாதபோது வாசலில் நாற்காலி கூட்டிப் போடுகிற கதைதான் அது. வொர்க்கர்கள், அதாவது வேலையைச் செய்யும் என்ஜின்எக்ஸ் ப்ராசஸ்கள், ஏன் இணைப்பை எடுக்கத் தாமதிக்கின்றன என்று பாருங்கள். மெதுவான டிஸ்கில் மாட்டிக்கொண்டு நிற்பதுண்டு. திடீரென ஒரு நொடி பொங்கி அடங்கும் கூட்டத்துக்குப் பெரிய க்யூ உதவும். நாள் முழுக்க நிறைந்தே இருந்தால் உதவாது.

க்யூ சரியாக இருந்தால் அடுத்து கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைப் (dmesg) பாருங்கள். நடப்பு இணைப்புகளைக் கெர்னல் குறித்துவைக்கும் கான்ட்ராக் டேபிள் நிறைந்து, பாக்கெட்டைக் கைவிடுவதாக ஒரு வரி கிடைக்கலாம். அந்த டேபிளில் நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கு இயல்பு ஆயுள் 5 நாள்! சொல்லாமல் காணாமல்போன கிளையண்டுகள் அதுவரை இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஆயுளைக் குறையுங்கள், தேவைப்பட்டால் டேபிளையும் பெரிதாக்குங்கள்.

அப்புறம், கூகுளில் தேடினால், முடிந்த இணைப்புகளின் இடத்தைச் சீக்கிரம் விடுவிக்கும் டிடபிள்யூ ரீசைக்கிள் (tcp_tw_recycle) என்ற கெர்னல் அமைப்பை ஆன் செய்யச் சொல்லும் பழைய பதில்கள் இன்னும் வரும். ஒரே ஐபிக்குப் பின்னால் பல பேர் இருக்கும் செல்போன் நெட்வொர்க்குகளில் அதுவே இணைப்பை வீழ்த்தும். 2017-இல் வந்த 4.12 கெர்னலில் அதை நீக்கியேவிட்டார்கள். உங்களுடையது அதற்கும் பழைய கெர்னல் என்றால், கெர்னல் அமைப்புகளை எழுதிவைக்கும் சிஸ்கண்ட்ரோல் கோப்பில் (sysctl.conf) அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து முதலில் அணைத்துவிடுங்கள்.