உறங்காத பிள்ளைகள்: டர்பன் பெற்றோரின் கேள்விகளுக்குக் குழந்தை மருத்துவர் பதில்

கேள்வி (சாட்ஸ்வர்த், ஒரு தாய்): டாக்டர், ஆட்டிசம் உள்ள என் ஆறு வயது மகன் எட்டு மணிக்கே உறங்கிவிடுகிறான், ஆனால் டிசம்பர் வந்தால் நாலரைக்கே எழுந்துவிடுகிறான். உறக்கத்துக்கான மெலடோனின் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: அம்மா, மாத்திரைக்கு முன்னால் சன்னலைக் கவனியுங்கள். தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால், கிழக்கு ஓரத்தில் இருக்கும் டர்பனில் டிசம்பரில் ஏறக்குறைய நாலே முக்காலுக்கே சூரியன் உதிக்கிறது; அதற்கு முன்பே அறை வெளுத்துவிடும். வெளிச்சம் கண்ணில் பட்டதும் உறக்கம் வரவழைக்க உடல் தானே சுரக்கும் மெலடோனின் அடங்கிவிடுகிறது. ஆகவே, கனமான கறுப்புத் திரையை இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். நரம்பு வளர்ச்சிக் கோளாறுள்ள 146 பிள்ளைகளை வைத்து பிரிட்டனில் நடந்து, 2012இல் வெளியான ஆய்வில், மெலடோனின் பெற்றவர்கள் மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களைவிட, பெற்றோரின் குறிப்பேட்டுக் கணக்கில், ஏறத்தாழ 38 நிமிடம் விரைவாக உறங்கினார்கள். ஆனால் விடியலிலும் முன்னதாகவே எழுந்ததால், மொத்த உறக்கம் 22 நிமிடமே கூடியது. படுத்தும் உறக்கம் வராத பிள்ளைக்கு அது உதவும். உங்கள் மகனின் சிக்கல் வேறு.

கேள்வி (ஃபீனிக்ஸ், ஒரு தந்தை): எடை வைத்துத் தைத்த போர்வை பலன் தருமா? விலை அதிகமாக இருக்கிறது.

பதில்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வில் உறக்கம் கூடவில்லை, ஆனாலும் பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. கடன்பட்டு வாங்க வேண்டாம்.

கேள்வி (டோங்காட், ஒரு பாட்டி): ஏ.டி.எச்.டி எனும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு உள்ள என் பேத்தி படுத்ததும் கால்களை உதறிக்கொண்டே இருக்கிறாள். திருஷ்டி கழித்தும் பயனில்லை.

பதில்: பாட்டி, திருஷ்டி கழிப்பதை நான் தடுக்கவில்லை; அதோடு இரத்தத்தில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தசோகை இல்லாதபோதும் இரும்புச் சேமிப்பு குறைந்திருந்தால் கால்கள் அமைதியிழக்கும். ஃபெரிட்டின் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் இரும்புச்சத்து மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், ஆனால் அளவைத் தெரிந்துகொள்ளாமல் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். மாலையில் குடித்தால் உறக்கத்தையும் கெடுக்கும். மாலையில் காஃபீன் இல்லாத ரூயிபோஸ் மூலிகைத் தேநீரைக் கொடுங்கள். ஏ.டி.எச்.டிக்கான மெத்தில்ஃபெனிடேட் மருந்து எடுத்துக்கொள்கிறாள் என்றால், அதுவும் உறக்கத்தைத் தள்ளிப்போடலாம் என்பதால், கடைசி வேளையை எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (மெரிபேங்க், ஒரு தாய்): டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மூன்று வயது மகள் குறட்டை விடுகிறாள். வளர்ந்தால் சரியாகிவிடுமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். இப்பிள்ளைகளுக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடுவது மிகுதி என்பதால், குறட்டை இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குள் உறக்கப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. அவள் உறங்கும்போது மார்பும் முகமும் தெரியக் கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்துக்கொண்டு காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள்.