காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும் பழைய கார்புரேட்டர் மாருதி 800, மதியம் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றால் அரை மணி நேரம் கிளம்ப மறுப்பது ஏன்?

பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறதே. சூட்டில் மட்டும் வரும் கோளாறு இது. கண்டுபிடிக்க ஒரே நேரம், வண்டி நின்ற அந்த நிமிடம்தான். ஆறிய பிறகு மெக்கானிக்கிடம் போனால் அது சமர்த்தாக ஓடும்.

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, இன்ஜினைச் சுற்றாமல் ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பாருங்கள். பெட்ரோல் பீய்ச்சவில்லையா? டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்மேலும் பெட்ரோல் குழாய்மேலும் ஈரத்துணி போடுங்கள். சற்று நேரத்தில் உயிர் வந்தால், உள்ளே பெட்ரோல் ஆவியாகிப் பம்பைத் திணறடித்திருக்கிறது. வேலூர் கத்திரி வெயிலில், அதுவும் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில், இது சகஜம். குழாயை இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளிக் கட்டி, ஃபில்டரையும் தளர்ந்த பம்பையும் மாற்றுங்கள்.

பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால், இன்ஜினுக்குள் பெட்ரோல் அளவுக்கு மீறிப் புகுந்து அடைத்துக்கொண்டிருக்கிறது: ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடியே செல்ஃப் அடியுங்கள், விட்டு விட்டு மிதிக்கக் கூடாது.

பெட்ரோல் சரியாக வந்தும் கிளம்பவில்லை என்றால், மூடியைப் போட்டுவிட்டு பிளக்கில் ஸ்பார்க் பாருங்கள். ஸ்பார்க் இல்லையென்றால் என் முதல் சந்தேகம், பிளக்குக்கு உயர் அழுத்த மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த வண்டியானால், அதோடு இருக்கும் கண்டன்சரும்.