நான்தான் அட்மின், என் ஃபைலையே ஏன் திறக்க விடமாட்டேன் என்கிறது?

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன். படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது விண்டோஸ். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, அட்மின் கணக்குதான். என்ன செய்வது?

விண்டோஸ் உங்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கணக்கு ஒன்றை உருவாக்கும்போதே விண்டோஸ் அதற்கு எஸ்ஐடி என்ற நீளமான எண்ணைக் கொடுத்துவிடும். எஸ்-1-5-21 என்று ஆரம்பிக்கும், நடுவில் அந்தக் கம்ப்யூட்டருக்கே உரிய மூன்று பெரிய எண்கள், கடைசியில் 1001 மாதிரி ஒரு சின்ன எண். யார் படிக்கலாம், யார் அழிக்கலாம் என்று ஃபைலோடு சேர்த்து எழுதிவைப்பது இந்த எண்ணைத்தான். புதிய கம்ப்யூட்டரில் அதே பெயரைக் கொடுத்தாலும், அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலும் எண் வேறு. அந்த டிஸ்க்கைப் பொறுத்தவரை நீங்கள் யாரோ ஓர் ஆள்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், செக்யூரிட்டி. பட்டியலில் ‘அக்கவுண்ட் அன்னோன்’ என்று ஒரு வரி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்த நீள எண். (சில சமயம் இந்தப் பட்டியலைக்கூடக் காட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.) முதல்முறை பார்த்தபோது வைரஸ் ஏதாவது கணக்கு போட்டு உட்கார்ந்திருக்கிறதோ என்று பயந்தேன். வேறு யாருமில்லை, பழைய கம்ப்யூட்டரில் இருந்த நான்தான் அது.

சரி, அட்மின் என்றால் எல்லாம் திறக்க வேண்டாமா? விஸ்டா காலத்திலிருந்தே அட்மின் கணக்கும் சாதாரணக் கணக்கின் பலத்தோடுதான் ஓடுகிறது. திரை மங்கி ‘சம்மதமா’ என்று கேட்டு, நீங்கள் ‘யெஸ்’ சொன்ன பிறகுதான் முழு பலம். ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற குழுவின் எண் மட்டும் எல்லா விண்டோஸிலும் ஒன்றே. பழைய டிஸ்க்கிலும் அந்தக் குழுவுக்கு வழக்கமாக அனுமதி இருக்கும். அதனால்தான் ஃபோல்டரை டபுள் கிளிக் செய்து, வரும் பெட்டியில் ‘கன்டினியூ’ அழுத்தினாலே பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. முதலில் அதைச் செய்துபாருங்கள். அது ஒருமுறை திறந்துவிட்டு மூடுவதில்லை, உங்கள் புது எண்ணை ஃபோல்டரிலும் உள்ளே இருக்கும் அத்தனையிலும் நிரந்தரமாக எழுதுகிறது. படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நேரம் பிடிக்கும். பாதியில் கேன்சல் அடித்தால் பாதி ஃபைல் திறக்கும், பாதி திறக்காது, எது எது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அதிலும் திறக்கவில்லை என்றால் உரிமையாளரை மாற்ற வேண்டும். அதே செக்யூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்டு போய், மேலே ஓனர் என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் சேஞ்ச் அழுத்தி, உங்கள் கணக்குப் பெயரைத் தட்டி, செக் நேம்ஸ். உள்ளே இருப்பவற்றுக்கும் உரிமையாளரை மாற்று என்று கீழே ஒரு கட்டம் வரும், அதை டிக் செய்து ஓகே. நிறையப் பேர் இத்தோடு நிறுத்திவிட்டு ‘மாற்றியும் திறக்கவில்லை’ என்று வருவார்கள். ஓனர் ஆனதால் படிக்கும் அனுமதி தானாக வந்துவிடாது, அனுமதியை மாற்றும் அதிகாரம் மட்டும்தான் வரும். பத்திரம் உங்கள் பெயருக்கு வந்துவிட்டது, சாவி இன்னும் கைக்கு வரவில்லை. ஜன்னலை மூடி மறுபடி திறந்து, ஆட் அழுத்தி உங்கள் கணக்கைச் சேர்த்து, ஃபுல் கன்ட்ரோல் கொடுக்க வேண்டும்.

ஃபைல் ஐகானில் சின்னப் பூட்டு தெரிந்தால் மட்டும் நிதானம். அது பழைய கணக்கில் என்கிரிப்ட் செய்யப்பட்டது, அதாவது உள்ளடக்கமே ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டது. ஓனரை நூறு தடவை மாற்றினாலும் திறக்காது, பழைய கணக்கின் சான்றிதழ், அதாவது அந்தப் பூட்டுக்கான டிஜிட்டல் சாவி வேண்டும். அதை முன்பே தனியாக எடுத்துவைக்கவில்லை என்றால், டிஸ்க்கைத் திரும்பப் பழைய கம்ப்யூட்டரிலேயே மாட்டி, பழைய விண்டோஸில் நுழைந்து என்கிரிப்ஷனை எடுத்துவிடுவதுதான் வழி. அதுவரை அந்த டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸை அழித்துவிடாதீர்கள்.

அனுமதி விஷயத்தில் எனக்குப் பாடம் கிடைத்தது லினக்ஸில், விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம் அது. அங்கே படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் மூவருக்கும் 7 கொடுத்தால் 777, அதாவது யார் வேண்டுமானாலும் எதுவும் செய்யலாம். எங்கே அனுமதிப் பிரச்சினை என்றாலும் ‘777 போடு’ என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். நானும் பாட்டு ஃபோல்டர் ஒன்றை வீட்டில் இன்னொரு கணக்கோடு பகிர நினைத்து, சூடோ (கட்டளையை அட்மின் பலத்தோடு ஓட்டுவது) போட்டு, உள்ளே இருப்பதற்கெல்லாம் 777 என்று அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளை அடித்தேன். கடைசியில் புள்ளியும் சாய்கோடும் இருக்க வேண்டும், ‘இந்த ஃபோல்டர்’ என்று அர்த்தம். புள்ளி விழவில்லை. வெறும் சாய்கோடு என்றால் முழு சிஸ்டம்.

ஒரு பாட்டு ஃபோல்டருக்கு இவ்வளவு நேரமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டடு’ என்று வரிவரியாக ஓட ஆரம்பித்தது. நிறுத்தினேன். திருப்பி மாற்றலாம் என்று சூடோ அடித்தால், சூடோவே ஓட மறுத்தது. அந்த நிரலை யார் ஓட்டினாலும் ரூட்டாக, அதாவது லினக்ஸின் முழு பல அட்மினாக ஓடு என்று சொல்லும் தனிக்குறி ஒன்று அதன் மேல் இருக்கும், என் 777 அதையும் துடைத்துவிட்டிருந்தது. வேறு கம்ப்யூட்டருக்குள் தூரத்திலிருந்து நுழைய வைத்திருந்த எஸ்எஸ்எச் சாவி ஃபைலை எல்லோரும் படிக்க முடிகிறது, இதை நான் பயன்படுத்தமாட்டேன் என்றது இன்னொரு நிரல். எல்லாக் கதவையும் திறந்துவைத்த பிறகு என்னைத்தான் உள்ளே விடவில்லை! பெண்டிரைவில் இருந்து பூட் செய்து, ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க மறுபடி இன்ஸ்டால் செய்தேன்.

இத்தனைக்கும் நான் கேட்க வேண்டியிருந்தது ‘யாருடையது இது?’ என்ற ஒன்றைத்தான். லினக்ஸும் ஃபைலோடு எழுதிவைப்பது கணக்கின் பெயரை அல்ல, எண்ணைத்தான். பெரும்பாலான லினக்ஸ்களில் முதல் கணக்கின் எண் 1000. அதனால் வேறு லினக்ஸில் இருந்த டிஸ்க்கை மாட்டினால், பெயர் வேறாக இருந்தாலும் சட்டென்று திறந்துகொள்ளும். உங்கள் கதைக்கு நேர் எதிர். என் வீட்டில் இரண்டாவது கணக்கு 1001, பாட்டுகள் 1000-க்குச் சொந்தம், பொதுக் குழு ஒன்றில் இருவரையும் சேர்த்து, ஃபோல்டரை அந்தக் குழுவுக்குக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும்.

இன்னொன்று, மறுப்பு வந்தாலே அனுமதிப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். வேறு நிரல் அந்த ஃபைலைத் திறந்துவைத்திருக்கலாம். திறக்கிறது ஆனால் சேமிக்க விடவில்லை என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்தது, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றில் அறியாத நிரல்களை எழுதவிடாது. ஃபோல்டர் பிராபர்ட்டீஸில் ‘ரீட் ஒன்லி’ கட்டம் கறுப்பாக நிரம்பித் தெரிவதை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள். ஃபோல்டருக்கு அதில் அர்த்தமே இல்லை, எத்தனை தடவை எடுத்தாலும் திரும்ப வரும்.

உங்கள் டிஸ்க்குக்கு வருவோம். முழு டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்யாதீர்கள். அதிலுள்ள விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் இரண்டையும் தொட வேண்டாம், அந்த டிஸ்க்கிலிருந்து மறுபடி பூட் செய்ய வேண்டி வந்தால் தேவைப்படும். யூசர்ஸ் என்பதற்குள் உங்கள் பழைய பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பிக்சர்ஸ். அந்தப் பழைய பெயர் ஃபோல்டருக்கு மட்டும் ‘கன்டினியூ’ கொடுங்கள். திறந்ததும் படங்களைப் புதிய கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள், காப்பி ஆனவை புது ஃபோல்டரின் அனுமதியோடு வந்துவிடும். பழைய டிஸ்க்கில் ‘அன்னோன்’ வரி அப்படியே இருந்தால் இருக்கட்டும், அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை.