பூட்டிய வீடுகளும் மதிய வெயிலும்

அன்புள்ள அண்ணே,

கோட்டையூர் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். மானியம் 78,000 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது, பில்லும் குறைந்தது. ஆனால் உச்சிவெயிலில் கரண்ட் போனால் சோலாரும் கூடவே போய்விடுகிறது. மேலே வெயில் கொளுத்துகிறது, கீழே ஃபேன் நிற்கிறது. போட்டுக்கொடுத்தவரைக் கேட்டால் "அது அப்படித்தான் சார்" என்கிறார். ஏமாந்துவிட்டேனா? ஸ்மார்ட் மீட்டர், ஸ்மார்ட் கிரிட் என்று என்னென்னவோ ஆராய்ச்சி செய்கிறார்கள். ஐயா கட்டிய வீட்டுக்கு இதெல்லாம் தேவைப்பட்டதா? பேசாமல் பேட்டரியை வாங்கிப் போட்டுக் கம்பியை அறுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நீங்கள் ஏமாறவில்லை. "அப்படித்தான் சார்" என்றவர் சொன்னது சரி, ஏன் என்று சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

உங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை இறக்கி வீட்டுக்கு 230 ஆகத் தருகிறது. அதற்கு மேல் கீழ் தெரியாது. கீழேயிருந்து 230 அனுப்பினால் அதையே 11,000 ஆக்கி மேலே ஏற்றிவிடும். லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருக்கிறார், உங்கள் மாடி மட்டும் கரண்டை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றால் என்ன ஆகும்? அதனால்தான் ஊர் லைன் போன இரண்டு வினாடிக்குள், பலகையின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வர்ட்டரும் நின்றுவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஃபேன் நின்றதற்கு ஒரு லைன்மேனின் உயிர் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் சுவாரசியம். சாதாரண சோலார் இன்வர்ட்டர் சுருதிப்பெட்டியைக் கேட்டுப் பாடுகிற ஆள். வினாடிக்கு 50 சுற்று என்கிற சுருதியை ஊர் லைன் கொடுக்கும், இது அதோடு சேர்ந்து பாடும். பெட்டி நின்றால் இதற்குப் பாடத் தெரியாது. அனல், நீர் மின்நிலையங்களில் டன் கணக்கில் இரும்பு சுற்றுகிறது. எங்கோ ஒரு நிலையம் திடீரென்று நின்றாலும் மற்றவற்றின் சுற்றுவேகம் சட்டென்று விழாது, அந்த எடையே கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும். சோலார் பலகையில் சுற்றுகிற இரும்பு எதுவும் இல்லை. பகலில் சோலார் கூடக்கூட, தாங்கிப்பிடிக்க ஆள் குறைகிறது.

மின்சார ஆராய்ச்சி இப்போது மல்லுக்கட்டுகிற இடங்களில் இது முக்கியமானது: தானே சுருதி கொடுக்கிற இன்வர்ட்டர். 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் தென் ஆஸ்திரேலியா மாநிலமே இருண்டது. அடுத்த ஆண்டு அங்கே ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி நிலையம் வைத்தார்கள். 2022இல் அதே நிலையத்தை, சுற்றுகிற இரும்பு செய்யும் வேலையை மென்பொருளால் செய்யப் பழக்கினார்கள். பேட்டரி என்றதும் நம் காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நினைவுக்கு வராமல் போகாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அந்தச் சுவருக்குள் நடக்கிறது. நம்மில் பாதிப் பேருக்கு அது பஸ் ஸ்டாப் பெயர்.

கம்பியை அறுக்கும் யோசனைக்கு வருகிறேன். அறுக்கலாம். ஆனால் ஐப்பசி அடைமழையில் நாலு நாள் வெயில் முகமே காட்டாவிட்டால் அதற்கும் சேர்த்துப் பேட்டரி வாங்க வேண்டும். வீட்டில் கல்யாணம் வைத்தால் அதற்கும் சேர்த்து. வருஷத்தில் பெரும்பாலான நாள் அந்தக் கூடுதல் பேட்டரி சும்மா கிடக்கும்.

கல்யாணம் என்றதும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளத்தூர் தெருவில் பன்னிரண்டு வீடு, அதில் எட்டு வீடு பூட்டிக் கிடக்கும். தங்கை மகள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டைத் திறந்தோம். அதே முகூர்த்தத்துக்கு எதிர் வரிசையில் இன்னும் இரண்டு வீடு திறந்தார்கள். முதல் நாள் ராத்திரி சீரியல் லைட், கிரைண்டர், மேல்மாடியில் மலேசியாவிலிருந்து வந்தவர்களுக்காக வாடகைக்கு எடுத்த ஏசி, எல்லாம் ஒன்றாக ஓடின. பத்தரைக்குத் தெரு முழுக்க இருட்டு. மாவு பாதி அரைபட்ட நிலையில் பெரியாச்சி இரண்டாங்கட்டில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவச் சொன்னார். டார்ச்சோடு வந்த லைன்மேன் பியூஸைப் பார்த்துவிட்டு, "மூணு வீட்லயும் கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

எங்கே எப்போது எவ்வளவு கரண்ட் தேவை என்று தெரிந்துகொண்டு நடக்கிற மின்வலைதான் ஸ்மார்ட் கிரிட்; அந்தக் கேள்வியை விடச் சுருக்கமாக அதை யாரும் எனக்கு விளக்கியதில்லை. டிரான்ஸ்பார்மர் சராசரி லோடில் சாவதில்லை, உச்சத்தில் சாகிறது. செட்டிநாட்டுத் தெருவில் சராசரி கிட்டத்தட்ட பூஜ்யம், உச்சம் மூன்று நாள். மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா, தை முகூர்த்தம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, எல்லாமே முன்கூட்டித் தெரிந்த தேதிகள். லோடு கணிப்பவர்கள் வெயில், மழை, விடுமுறை நாள் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கிறார்கள். நம் பக்கத்துக்குப் பஞ்சாங்கத்தையும் சேர்த்தால் தீர்ந்தது. டிரான்ஸ்பார்மரிலேயே ஒரு மீட்டர் இருந்து மணிக்கு மணி லோடைச் சொன்னால் லைன்மேன் நம்மிடம் கேட்க வேண்டியதே இல்லை.

கணிப்பு தப்பினாலும் தாங்க ஏற்பாடு வேண்டும் என்பது வேறு விஷயம். 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு எல்லாரும் லைட்டை அணைத்து அகல் ஏற்றினோமே, அன்றைக்கு நாடு முழுக்க மின்தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறைந்தது 31,000க்கும் மேல். நீர்மின் நிலையங்களைத் தயாராக நிறுத்தி, சடசடவென்று குறைத்து, பிறகு ஏற்றிச் சமாளித்தார்கள். நாம் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

பூட்டிய வீட்டில் இன்னொரு சிக்கல் வரப்போகிறது. ஒரு தெருவில் எல்லா மாடியிலும் சோலார், உள்ளே ஆளில்லை. மதியம் அத்தனை கரண்டும் ஒரே கம்பியில் வெளியே போகப் பார்க்கும், வோல்டேஜ் ஏறும், வரம்பு தாண்டினால் இன்வர்ட்டர்கள் தாமே விலகிக்கொள்ளும். நல்ல வெயிலில் யூனிட் குறையும். லோ வோல்டேஜுக்குத் திட்டிப் பழகியவர்கள் நாம், ஹை வோல்டேஜுக்குத் திட்ட இனிமேல் பழக வேண்டும்.

ஐயா கட்டிய வீடு பற்றி நீங்கள் எழுதியதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தடித்த சுண்ணாம்புச் சுவரும் உயரக் கூரையும் வளவு என்கிற உள்முற்றமும் ஏசி இல்லாமல் வெக்கையைத் தணித்தன. ஆனால் அதே வீட்டின் உள்ளறையில் ஜன்னல் இடுக்கை அடைக்காமல் ஒன்றரை டன் ஏசி மாட்டி, குளிரையெல்லாம் முற்றத்துக்குத் தானம் செய்பவர்களும் நாம்தான். ஃபேனைப் பாருங்கள். பட்டாலை, வளவு, பந்தி எல்லாம் சேர்த்து 40 ஃபேன் இருந்தால், பழையது ஒன்றுக்கு 75 வாட் வீதம் 3,000 வாட். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் ஓடும், மொத்தம் 1,200. அந்த மிச்சம் இருந்திருந்தால் எங்கள் பியூஸ் போயிருக்காது என்று சொல்ல மாட்டேன், ஏசிதான் குற்றவாளி. இருந்தாலும் கிரைண்டர் தப்பியிருக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு: கம்பியை அறுக்காதீர்கள். ஹைப்ரிட் இன்வர்ட்டராக மாற்றி, அவசியமான லைட், நாலு ஃபேன், ஃபிரிட்ஜ் மட்டும் தனி லைனில் பிரித்துச் சின்னப் பேட்டரி போடுங்கள். கரண்ட் போனதும் அது ஊர்க் கம்பியிலிருந்து விலகிக்கொண்டு வீட்டுக்கு மட்டும் சுருதி கொடுக்கும், பலகையும் வேலை செய்யும். எல்லாம் சேர்ந்து 400 வாட் என்று வைத்தால் நாலு மணி நேரத்துக்கு 1.6 யூனிட். வீடுகளில் இருக்கிற 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரியின் கொள்ளளவே 1.8 யூனிட்தான், அதை அடிவரை காலி செய்யவும் கூடாது. அதனால் கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். எர்த்தை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

ஒரு உதவியும் கேட்கிறேன். ஒரு வாரம் மதியம் பன்னிரண்டு மணிக்கு இன்வர்ட்டர் திரையில் வோல்டேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து அனுப்புங்கள். உங்கள் தெருவில் எத்தனை வீடு பூட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து.